அடுப்படித் தெய்வமும் அரண்மனை அச்சமும்

நாம் குடியிருக்கும் இக்கொல்கத்தா மாநகரில், லால் பஜாருக்கு அணித்தாக உள்ள டிரெட்டா பஜாருக்கு ஞாயிறு காலையில் சென்று, ஆவியில் வெந்த சீனப் பலகாரங்களைச் சுவைத்து வருவோர் நம் குடும்பங்களிலும் உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாமல் சென்று வருவோரும் உண்டு. அங்குள்ள பழைய சீன வீடுகளின் கதவுகளில் செந்நிறத் தாளில் எழுதி ஒட்டிய எழுத்துகளைப் பார்த்து, "இது என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "அது அவர்கள் சம்பிரதாயம்" என்று சொல்லிவிட்டு நாம் நடையைக் கட்டுவோம். அண்டையில் வாழ்ந்தும் அம்மக்களின் வீட்டு வழக்கங்களைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. பிள்ளைகளின் வினாவிற்குச் சற்று நேரிய விடை தேடப் புகுந்தபோது கிடைத்த செய்திகளையே ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

முதலில் ஓசையைப் பற்றிச் சொல்லவேண்டும். சீனரின் அன்றாட நம்பிக்கைகளுள் பெரும்பகுதி காதில் பிறந்தது என்று கூறினும் மிகையாகாது. சீன மொழியின் அசைகள் சிலவே; சொற்களோ எண்ணிறந்தன. ஆகவே ஓரசை பல பொருள் சுமக்கிறது. நான்கு என்னும் எண்ணின் ஓசையும் சாவு என்னும் சொல்லின் ஓசையும் தொனி ஒன்றால் மட்டுமே வேறுபடுவன. அதனால் ஹாங்காங் நகரத்து உயர்ந்த கட்டடங்கள் பலவற்றில் நான்காம் மாடியும் பதினான்காம் மாடியும் எண்ணிக்கையிலேயே இரா. எட்டோ, தென்சீனத்தார் நாவில் செல்வம் பெருகுதல் என்னும் பொருளுடைய சொல்லை ஒத்து ஒலிப்பது. பெய்ஜிங் நகரத்து ஒலிம்பிக் விழா 2008-ஆம் ஆண்டு, எட்டாம் மாதம், எட்டாம் நாள், இரவு 8 மணிக்குத் தொடங்கிற்று. பகுத்தறிவே எமது கொள்கை என்று பறைசாற்றும் பொதுவுடைமை அரசு நடத்திய விழா அது!

ஒருவருக்குக் கடிகாரம் பரிசளித்தல் ஆகாது. 'கடிகாரம் கொடுத்தல்' என்னும் தொடர், இறுதிக் கடன் செய்தல் என்பதுபோல் ஒலிக்கும். கணவனும் மனைவியும் ஒரு பேரிக்காயைப் பிளந்து பகிர்ந்துண்ணலாகாது. அது பிரிவைக் குறிக்கும் ஓசையாகிவிடும். புத்தாண்டிற்கு முன்னிரவு விருந்தில் மீன் இருந்தே தீரவேண்டும். அதிலும் சிறிது உண்ணாமல் எஞ்ச வைக்கவேண்டும். மீன் என்பதும் மிச்சம் என்பதும் அவர்கட்கு ஒரே ஒலி. வௌவாலைக் கண்டால் நாம் முகம் சுளிக்கிறோம். சீனரோ அதைப் பட்டாடையிலும் பீங்கான் கலத்திலும் வரைந்து மகிழ்வர். அதன் பெயர் நற்பேற்றைக் குறிக்கும் 'ஃபூ' என்னும் சொல்லோடு ஒத்தொலிப்பதே காரணம். அந்த 'ஃபூ' என்னும் எழுத்தையே சிலர் கதவில் தலைகீழாக ஒட்டுவர். ஒட்டியவர் எழுத்தறியாதவர் என்று நாம் எண்ணிவிடலாகாது. தலைகீழாதல் என்பதும் வந்து சேர்தல் என்பதும் அம்மொழியில் ஓரோசை. நற்பேறு வந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இவ்வச்சம் சில வேளை மொழியையே மாற்றிவிடும். உண்ணுங்குச்சிகளுக்குப் பழஞ்சீனத்தில் 'ஜூ' என்று பெயர். அவ்வோசை நின்றுபோதல் என்பதற்கும் உரியது. ஆற்றில் ஓடம் செலுத்திப் பிழைப்போர், தம் ஓடம் நின்றுவிடுமோ என்றஞ்சி, விரைவு என்னும் பொருளுடைய சொல்லால் அக்குச்சிகளை அழைக்கலாயினர் என்று 15-ஆம் நூற்றாண்டினரான லூ ரோங் என்னும் அதிகாரி தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஓடக்காரரின் அச்சொல்லே இன்று சீன நாடு முழுமைக்கும் பொதுச்சொல். இறந்தாரைத் துஞ்சினார் என்பதை மங்கல வழக்கு என்று வகுத்த இலக்கண மரபில் வந்த நமக்கு இஃது எளிதில் விளங்கக் கூடியதே.

இனி அடுக்களைக்குள் செல்வோம். சீன இல்லத்தில் அடுப்பிற்கு மேலே தாளில் அச்சிட்ட ஒரு தெய்வத்தின் படம் ஒட்டப்பெற்றிருக்கும். கன்பூசியஸின் உரையாடல்களைத் தொகுத்த நூலிலேயே அடுப்புத் தெய்வத்தைப் பற்றிய பேச்சு வருவதால், இவ்வழிபாடு 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்று துணியலாம். இத்தெய்வத்திற்கு வரமளிக்கும் வேலை பெரிதாக இல்லை. வீட்டில் யார் என்ன பேசினர், யார் யாரோடு சண்டையிட்டனர், எவ்வளவு சோறு வீணாயிற்று என்றெல்லாம் ஆண்டு முழுதும் கண்காணித்து, பன்னிரண்டாம் மாதத்தின் 23-ஆம் நாளில் (தெற்கே 24-ஆம் நாளில்) வானுலகு சென்று, பச்சைமணிப் பேரரசர் எனப்படும் மேலதிகாரியிடம் அறிக்கை கொடுப்பதே அதன் உத்தியோகம். புறப்படும் நாளில் வீட்டார் அதற்கு ஒட்டும் தன்மையுள்ள இனிப்புப் பாகை வாயில் தடவி விடுவர். பேச்சு இனிமையாக இருக்கட்டும் என்பது ஒரு கருத்து. வாய் ஒட்டிக்கொண்டு பேச்சே எழாதிருக்கட்டும் என்பது மற்றொன்று. பின்னர்ப் படத்தைக் கொளுத்துவர். புகையாகித் தெய்வம் மேலேகும். புத்தாண்டிற்கு முன்னாள் புதுப்படம் வாங்கி ஒட்டினால் உத்தியோகத்தர் மீண்டும் பணியேற்றார் என்று பொருள்.

இதனைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்தபின் சிந்தனையும் வருகிறது. இரண்டாயிரம் ஆண்டு அதிகாரிகளின் ஆட்சியில் வாழ்ந்த குடிமக்கள், வானுலகையும் ஓர் அரசாங்க அலுவலகமாகவே கண்டனர். ஊருக்கு ஒரு காவல் தெய்வம். அவருக்குக் கீழ்த் தெருவிற்கு ஒரு நிலத் தெய்வம். வீட்டிற்கு ஓர் அடுப்புத் தெய்வம். கடைநிலை உத்தியோகத்தருக்கு எதைக் கொடுத்தால் வாய் மூடும் என்பதை அம்மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர் போலும்!

வாயில் தெய்வங்களின் கதையும் அரசரோடு தொடர்புடையதே. தாங் மரபினரான தாய்சுங் பேரரசர் (ஆட்சி 626–649) பேய்க்கு அஞ்சி உறக்கமிழந்தார் என்றும், சின் சியோங், யூச்சி குங் என்னும் தளபதியர் இருவர் வாயிலில் காவல் நின்ற பின்பே துயின்றார் என்றும், அவர்களை நாள்தோறும் நிறுத்த மனமின்றி அவர்தம் படத்தை ஒட்டச் செய்தார் என்றும் கதை வழங்குகிறது. பெரும்போர் பல வென்ற வேந்தர் இருட்டிற்கு அஞ்சினார் என்பதை மக்கள் விரும்பிச் சொல்லி வந்திருக்கின்றனர்.

நாள் பார்த்தல் சீனரிடத்து நம்மவரினும் மிகுதி எனலாம். குளிக்க, நகம் வெட்ட, பயணம் போக, மண் தோண்ட, மணம் முடிக்க, ஒவ்வொன்றிற்கும் ஆகும் நாள், ஆகாத நாள் என்று பஞ்சாங்கம் வகுத்துரைக்கும். அச்சுக்கலை தோன்றிய நாட்டில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் பஞ்சாங்கமும் ஒன்று. துன்ஹுவாங் குகையில் கிடைத்த 877-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதற்கும் முன்னர், 835-இல், அரசின் பஞ்சாங்கம் வெளிவருமுன்பே தனியார் தாமாக அச்சிட்டுச் சந்தையில் விற்கிறார்கள் என்று சினந்து அரண்மனை தடை விதித்தது. காலத்தை அளந்து கொடுக்கும் உரிமை விண்ணின் மைந்தனாகிய பேரரசனுக்கே உரியது என்பது அரச கொள்கை. 'நாள் பார்ப்பது மூடத்தனம்' என்று அத்தடை கூறவில்லை. நாளைச் சொல்லும் அதிகாரம் யாருடையது என்பதே வழக்கு. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இந்நம்பிக்கைகளை வினவிய அறிஞர் சீனத்தில் இல்லாமற் போகவில்லை. கி.பி. 27-இல் பிறந்த வாங் சுங் என்பார் வறிய குடும்பத்தினர். புத்தகம் வாங்கப் பொருளின்றி, தலைநகர்க் கடைவீதியில் நின்றபடியே படித்துத் தேர்ந்தவர் என்பர். அவர் காலத்தில் தலைமுழுகுவதற்கென்றே ஒரு நூல் இருந்தது. இன்ன நாளில் முழுகினால் பிறர் அன்பைப் பெறலாம், இன்ன நாளில் முழுகினால் தலை நரைக்கும் என்று அது கூறிற்று. அழகற்ற கிழவி நல்ல நாளில் முழுகினால் காதலிக்கப்படுவாளா, பதினைந்து வயதுப் பெண் தீய நாளில் முழுகினால் நரைத்துவிடுவாளா என்று வாங் சுங் கேட்டார். சனி, புதன் என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் நம் இல்லங்களில் இவ்வினாவைக் கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பதை வாசகரே அறிவர். பேய்களைப் பற்றியும் அவர் ஒன்று கேட்டார். உலகம் தோன்றிய நாள்தொட்டு இறந்தோரெல்லாம் பேயாவரேல், வழியெங்கும் பேய்க்கூட்டமாய் இருக்க வேண்டாமா? பேயைக் கண்டோர் அது ஆடையுடுத்திருந்தது என்கின்றனரே, ஆடைக்கும் ஆவி உண்டோ?

எனினும் வாங் சுங் எடுத்துக்கொண்டவை யாவும் நகைப்புக்குரியன அல்ல. ஐந்தாம் மாதத்தில் பிறந்த குழந்தை பெற்றோருக்குக் கேடு விளைக்கும், ஆதலின் அதை வளர்க்கலாகாது என்னும் நம்பிக்கையும் அவர் கண்டித்தவற்றுள் ஒன்று. இதைப் பற்றிய பழைய செய்தி ஒன்றை வரலாற்றாசிரியர் சூமா சியென் எழுதி வைத்தார். கிறிஸ்துவுக்கு முற்பட்ட நாளில் சீ நாட்டுப் பெருங்குடிமகன் ஒருவனுக்கு ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் ஆண் மகவு பிறந்தது. தாய் எளிய நிலையினள், பலருள் ஒருத்தி. 'வளர்க்காதே' என்றான் தந்தை. அவள் மறைத்து வளர்த்தாள். வளர்ந்த பின் மகன் தந்தைமுன் வந்து காரணம் கேட்டான். அந்நாளிற் பிறந்தவன் வாயில் நிலை உயரம் வளர்ந்ததும் பெற்றோரை அழிப்பான் என்றான் தந்தை. மனிதனுக்கு ஊழை வகுப்பது வானமா, வாயில் நிலையா என்று மகன் வினவினான். வானமாயின் கவலை எதற்கு, நிலையாயின் அதை உயர்த்திக் கட்டிவிட்டால் எட்டுவார் யார் என்றான். தந்தை வாயடைத்துப் போனான். அம்மகனே பின்னாளில் மெங்சாங் பெருமகன் என்று புகழ் பெற்ற அமைச்சன். இக்கதையை அறிவின் வெற்றி என்று பலர் கூறுவர். மறைத்து வளர்க்கும் துணிவு வாய்க்காத தாயர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பதே நம் நெஞ்சில் தங்குகிறது. அவர்தம் மக்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

இனி, இக்கட்டுரைக்கு நம்மைத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். அது 1768-ஆம் ஆண்டு சிங் மரபினரான சியென்லுங் பேரரசர் காலத்தில் நடந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் பிலிப் கூன், அரண்மனை ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து 1990-இல் வெளியிட்ட நூலால் அது உலகறியலாயிற்று.

செஜியாங் மாநிலத்துத் தெசிங் என்னும் ஊரில் அவ்வாண்டின் தொடக்கத்தில் நீர்வாயிலும் பாலமும் பழுது பார்க்கப்பட்டன. ஆற்றுப்படுகையில் மரத்தூண்களைச் சம்மட்டியால் அடித்து இறக்கும் கடுமையான பணி அது. உயிருள்ள ஒருவன் பெயரைத் தாளில் எழுதித் தூணின் தலையில் வைத்து அடித்தால், அவன் ஆவியின் வலிமை சம்மட்டிக்கு வந்து சேரும், பெயருக்குரியவன் நோயுற்று மடிவான் என்று மக்கள் நம்பினர். அண்ணன் தம்பி மக்களின் கொடுமையால் நொந்திருந்த உழவர் ஒருவர், அவர்தம் பெயர்களை எழுதிக்கொண்டு சென்று கொத்தனாரிடம் நீட்டினார். கொத்தனாரோ தம்மீது பழி வருமென்று நடுங்கி அவரை அதிகாரியிடம் ஒப்புவித்தார். சில அடிகளோடு அவ்வழக்கு முடிந்தது. முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் வதந்தி முடியவில்லை. பெயரைப் போலவே மயிரிலும் ஆவி உறைகிறது என்பது பழைய நம்பிக்கை. கொத்தர்களும் நாடோடித் துறவிகளும் பிறர் சடையின் நுனியைக் கத்தரித்து ஆவி கவர்கிறார்கள் என்று பேச்சுப் பரவிற்று. சியாவ்ஷான் என்னும் ஊரில் ஒரு புத்தத் துறவி, தெருவில் விளையாடிய சிறுவன் ஒருவனிடம் அன்போடு பெயர் கேட்டார். அவ்வளவே. எதற்கு எம் பிள்ளையின் பெயரைக் கேட்டாய் என்று கூட்டம் கூடிற்று. துறவியரைப் பிடித்துக் கட்டி அடித்து அலுவலகம் கொண்டு சென்றனர். காவலன் ஒருவன் அவர்களிடம் கைக்கூலி கேட்டான், கிடைக்கவில்லை. உடனே கத்தரிகளும் சடைத் துண்டுகளும் சான்றாக முளைத்தன. பின்னர் விசாரணையில் அச்சான்று அவனே இட்டுக்கட்டியது என்று புலப்பட்டது.

மாநில அதிகாரிகள் இதனை வெறும் புரளி என்றறிந்து, மேலிடத்திற்கு எழுதாமல் அடக்கி வைத்தனர். அது விவேகமே. ஆயினும் செய்தி வேறு வழியாகப் பேரரசரின் செவிக்கு எட்டிற்று. அங்கே அது வேறோர் உருவம் கொண்டது. மஞ்சூரியர் சீனத்தை வென்றபின், 1645-இல், ஆடவர் யாவரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை வளர்க்கவேண்டும், மறுத்தால் தலை போகும் என்று ஆணையிட்டிருந்தனர். ஆகவே சடை அடிமைத்தனத்தின் அடையாளம். சடையை அறுத்தல் அரசத் துரோகத்தின் அடையாளம். குடியானவன் அஞ்சியது தன் ஆவிக்கு. அரசர் அஞ்சியதோ தம் அரியணைக்கு. கத்தரிக்கோல் மட்டும் இருவருக்கும் ஒன்றே.

சூத்திரதாரிகளைப் பிடியுங்கள் என்று செம்மையினால் எழுதப்பெற்ற கட்டளைகள் மாநிலந்தோறும் பறந்தன. பிடிக்காத அதிகாரி சோம்பேறி என்று கண்டிக்கப்பட்டார். ஆகவே பிடித்தனர். யாரை? பிச்சைக்காரரை, ஊரூராய்த் திரியும் துறவியரை, தமக்கென்று பரிந்து பேச ஒருவரும் இல்லாத அயலூராரை. கணைக்காலை மரக்கிட்டியில் இட்டு நெருக்கினால் எவர்தாம் ஒப்புக்கொள்ளார்? ஷான்துங் மாநிலத்தில் இரு பிச்சைக்காரர் அவ்வாறே 'ஒப்புக்கொண்டு', இல்லாத குருமாரின் பெயர்களைச் சொன்னார்கள். அப்பெயர்களைத் தேடி அடுத்த மாநிலத்தில் வேட்டை தொடங்கிற்று. சிறையிலேயே மாண்டவர்களும் உண்டு. கடைசியில் கைதிகளைத் தலைநகர்க்குக் கொணர்ந்து பெரிய அமைச்சர்கள் நேரில் விசாரித்தபோது, ஒருவர் பின் ஒருவராய் அனைவரும் தம் வாக்குமூலத்தை மறுத்தனர். ஆவி கவர்ந்தவன் ஒருவனும் அகப்படவில்லை; அப்படி ஒருவன் இருந்ததில்லை. நவம்பரில் பேரரசர் வேட்டையை நிறுத்தினார். தவறு அதிகாரிகளுடையது என்று அறிவித்தார். தம்மைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

அச்சடையும் நிலைக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். 1911-ஆம் ஆண்டுப் புரட்சியை ஒட்டி, புரட்சிப் படையினரே தெருவில் கத்தரியோடு நின்று சடைகளை அறுத்தனர்.

புதிய ஆட்சியாளர் பழைய நம்பிக்கைகளை வேறு பெயரால் அழைத்தனர். 'மிஷின்' என்று இன்று சீனர் கூறும் சொல்லிற்கு, மயங்கிய நம்பிக்கை என்பது நேர்பொருள். இப்பொருளில் அது ஜப்பானிய வழக்கிலிருந்து நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் சீனத்திற் புகுந்தது. 1928-இல் நான்கிங் அரசு, எந்தெந்தத் தெய்வங்களை வைத்துக்கொள்ளலாம், எவற்றை ஒழிக்கவேண்டும் என்று ஒரு பட்டியலே வெளியிட்டது. கன்பூசியஸும் போர்வீரர் குவான் யூவும் தப்பினர். நகரக் காவல் தெய்வம் தப்பவில்லை. தெய்வங்களுக்கு ஆட்குறைப்பு நடந்தது இதுவே முதல் முறை அன்று; முற்காலப் பேரரசர்களும் முறையான வழிபாடு, முறையற்ற வழிபாடு என்று பிரித்துக் கோவில்களை இடித்தவர்களே. 1966-இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் 'பழைமை நான்கு' ஒழிக என்னும் முழக்கத்தோடு இளைஞர் வீடுவீடாகப் புகுந்து முன்னோர் பலகைகளையும் தெய்வப் படங்களையும் உடைத்தெரித்தனர். 1967-இல் சீனப் புத்தாண்டிற்கு விடுமுறையே இல்லாமற் போயிற்று.

அதனால் நம்பிக்கை ஒழிந்ததா? 1976-ஆம் ஆண்டைப் பார்ப்போம். சனவரியில் பிரதமர் சௌ என்லாய் மறைந்தார். மார்ச்சு 8-இல் ஜிலின் பகுதியில் விண்கற்கள் மழையாய்ப் பொழிந்தன. அவற்றுள் பெரியது 1,770 கிலோ எடையுள்ளது. சூலை 6-இல் தளபதி சூ தே காலமானார். சூலை 28-இல் தாங்ஷான் நகரம் நிலநடுக்கத்தால் தரைமட்டமாகி, அரசுக் கணக்கின்படியே 2,42,000 மக்கள் மாண்டனர். செப்டம்பர் 9-இல் மா சேதுங் இறந்தார். அவ்வாண்டில் எட்டாம் மாதம் இருமுறை வந்தது. அத்தகைய ஆண்டு தீயது என்பது முதியோர் கூற்று. வானம் ஆட்சியுரிமையைத் திரும்பப் பெறும்போது நிலம் நடுங்கும் என்னும் மூவாயிரம் ஆண்டு நம்பிக்கையை, பத்தாண்டுப் படம் கிழிப்பு அம்மக்கள் நெஞ்சிலிருந்து கிழித்துவிடவில்லை. வாய்திறந்து சொல்ல அஞ்சினர். ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தனர். இன்று புத்தாண்டு விடுமுறையும் அடுப்புத் தெய்வத்தின் படமும் திரும்பி வந்துவிட்டன.

புலம் பெயர்ந்தோரின் நம்பிக்கைகளுக்கு மற்றொரு கதியும் உண்டு. தென்சீனத் துறைமுகமான சுவான்சௌவில் தமிழ் வணிகர் வாழ்ந்து சிவன் கோவில் எடுத்ததை 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. கோவில் அழிந்தது, வணிகரும் மறைந்தனர். அந்நகருக்கு அருகே செதியன் என்னும் சிற்றூரில், நம் நாட்டுச் சிற்ப முறையில் அமைந்த நான்கு கைத் தேவியின் சிலை ஒன்றை, கருணைத் தெய்வமாகிய குவான்யினின் ஒரு வடிவம் என்று ஊரார் இன்றும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர்.

இங்கே நம் நகரிலும் அப்படியே. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் சர்க்கரை ஆலை வைக்க வந்த சீனர் ஆச்சூவின் பெயரால் அச்சிபூர் என்று வழங்கும் ஊரில், ஹூக்ளி ஆற்றங்கரையில், நிலத் தெய்வத் தம்பதியின் கோவில் உண்டு. சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனர் அங்குத் திரள்வர். 1962-இல் எல்லைப் போர் மூண்டபோது, இந்நாட்டிலேயே பிறந்த சீனர் உட்பட ஏறத்தாழ 3,000 பேர், குழந்தைகளோடும் முதியோரோடும், ஐயத்தின் பேரில் ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிலர் ஐந்தாண்டு அங்கே கழித்தனர். திரும்பி வந்து வீடும் கடையும் ஏலம் போயிருக்கக் கண்டோரும் உளர். பலர் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் போய்விட்டனர். எஞ்சியோர் வாழும் டாங்ராவில் ஒரு காளி கோவில் இருக்கிறது. மரத்தடியில் சிந்தூரம் பூசிய கற்களாய் இருந்த இடத்தில், நோயுற்ற ஒரு சீனச் சிறுவனைக் கிடத்த அவன் நலம் பெற்றான் என்றும், அதன்பின் சீனரே முன்னின்று கோவில் எழுப்பினர் என்றும் அங்குள்ளோர் கூறுவர். பூசை செய்பவர் வங்காளத்து அந்தணர். நூடுல்ஸும் பிரசாதமாகப் படைக்கப்படுகிறது. தீய ஆவிகளை ஓட்டுவதற்கென்று கையால் செய்த தாளை அங்கே சன்னிதி முன் கொளுத்துகிறார்கள்.